சட்டம் இடந்தந்தால் போதுமா?

சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர், பாண்டியன் நெடுஞ்செழியனின் அவையில் கண்ணகி நின்று வழக்குரைக்கும் கட்டத்தை எளிதில் மறப்பதில்லை. சிலம்பு உடைகிறது, முத்து இருக்க வேண்டிய இடத்திலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது, தன் பிழையை உணர்ந்த மன்னன் அங்கேயே உயிர் துறக்கிறான். வளைந்த செங்கோலைத் தன் உயிரால் நிமிர்த்தியவன் என்று அவனைப் போற்றுவது தமிழ் மரபு. போற்றுதற்குரிய செயலே அது. ஆயினும், அக்காட்சியை ஆட்சிமுறை பற்றிய சிந்தனையோடு நோக்குவார்க்கு வேறொரு வினாவும் எழும். கோவலன் உயிரோடிருந்தபோது அவனுக்காக வழக்குரைக்க அந்நாட்டில் ஓர் இடம் இருந்ததா என்பதே அவ்வினா.

இருந்ததாகக் காவியம் காட்டவில்லை. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், காவலர் வெட்டினர். குற்றச்சாட்டைக் கேட்டவனும், தீர்ப்பளித்தவனும், தண்டனைக்கு ஆணையிட்டவனும் ஒருவனே. பின்னர்க் கண்ணகி நீதி கேட்டு வந்தபோதும், எவன்மீது முறையிட வந்தாளோ அவனிடமே அவள் முறையிட வேண்டியிருந்தது. நெடுஞ்செழியன் மனச்சான்று உடையவன் ஆதலால் அவள் சொல் அவன் செவியில் ஏறியது. அஃது இல்லாத ஒருவன் அவ்விருக்கையில் இருந்திருப்பின், கோவலன் கள்வனென்றே வரலாற்றில் நின்றிருப்பான்.

நல்லவன் ஆளவேண்டும் என்பது பழைய உலகம் கண்ட விடை. திருக்குறள் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்து, ஆள்வோனின் பண்பையே நாட்டின் நலத்துக்கு அடிப்படையாகக் காட்டுகிறது. அவ்விடை இன்றும் பொய்த்துவிடவில்லை. ஆனால் நல்லவன் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தவனும் எப்போதும் நல்லவனாகவே இருப்பதில்லை. ஆகவே, யார் ஆண்டாலும் ஓர் எல்லைக்குள் நின்றே ஆளவேண்டும் என்னும் மற்றொரு விடையையும் உலகம் தேடிக்கொண்டது. அந்த எல்லையை எழுத்தில் வகுத்துக் காட்டும் அடிப்படைச் சட்டமே அரசியலமைப்பு எனப்படுவது.

ஆளும் அதிகாரம் மூன்று கூறாகப் பிரிக்கப்படுவதன் காரணமும் இதுவே. சட்டம் இயற்றுவோர் ஒருவர். அதைச் செயற்படுத்துவோர் மற்றொருவர். அச்சட்டப்படி நடந்தனரா என்று ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவோர் இன்னொருவர். நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம் என்னும் இம்மூன்றும் ஒரே கையில் அடங்குமாயின், கோவலனுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம்.

எல்லா நாடுகளும் இவ்வெல்லையை ஒரே முறையில் வகுக்கவில்லை. பிரிட்டனில் நாடாளுமன்றமே மேலானது. அது இயற்றிய சட்டத்தைச் செல்லாதெனத் தள்ளும் அதிகாரம் அங்கே நீதிமன்றத்துக்கு இல்லை. மலேசியாவில் நாடாளுமன்றத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. அரசியலமைப்பே நாட்டின் உச்சச் சட்டம் என்றும், மெர்டேக்கா நாளுக்குப் பின்னர் இயற்றப்படும் எச்சட்டமும் அதற்கு முரணாயின் முரண்படும் அளவுக்குச் செல்லாது என்றும் அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற நாடு, இவ்வொரு செய்தியில் அவர்தம் வழியினின்றும் விலகி நடந்தது.

இவ்வரசியலமைப்பின் வரைவை வகுத்தோர் ரீட் பிரபு தலைமையில் அமைந்த ஐவர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த அவர்கள் 1956ஆம் ஆண்டில் மலாயாவில் பணி தொடங்கினர். சுல்தான்கள், அரசியற் கட்சிகள், அமைப்புகள், தனியார் ஆகியோரிடமிருந்து 131 மனுக்கள் அவர்களை வந்தடைந்தன. அவர்கள் அளித்த வரைவு மேலும் ஆராயப்பட்டுத் திருத்தங்கள் பெற்று, 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பல இனத்தார், பல மொழியார், பல சமயத்தார், ஒன்பது முடியாட்சி மாநிலங்கள், முடியாட்சி இல்லாத இரு மாநிலங்கள் ஆகிய இத்தனை தரப்பாரும் ஒருவரோடொருவர் செய்துகொண்ட உடன்பாடு அது. சுருங்கக் கூறின், ஒவ்வொருவரும் மற்றவருக்கு அளித்த வாக்குறுதி.

வாக்குறுதி என்றவுடன் கூரிய மாணவன் ஒருவன் எழுந்து வினவக்கூடும்: “அதைக் கொடுத்தவர்கள் மறைந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்த வாக்குக்கு, அன்று பிறவாதவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? இன்றைய பெரும்பான்மையோர் விரும்பியதை இன்றே செய்வதுதானே மக்களாட்சி?”

இவ்வினாவை அடக்கிவிடுவது ஆசிரியர்க்கு அழகன்று. இதில் உண்மையும் உண்டு. இறந்தோர் இருப்போரை என்றென்றும் ஆள இயலாது. அதனாலேயே அரசியலமைப்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதன் 159ஆம் பிரிவு, பெரும்பாலான திருத்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவை வேண்டுகிறது. மொழி, குடியுரிமை போன்ற சிலவற்றைத் தொட வேண்டுமாயின் ஆட்சியாளர் மன்றத்தின் இசைவும் வேண்டும். சபா, சரவாக் மாநிலங்களுக்கு அளிக்கப்பட்ட சில காப்புகளைத் தொட வேண்டுமாயின் அம்மாநில ஆளுநரின் இசைவும் வேண்டும். கதவு பூட்டப்பட்டிருக்கிறது, ஆனால் சாவி இருக்கிறது. சாவியை ஒருவரே வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் செய்தி.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தால், சபாவும் சரவாக்கும் ஏனைய மாநிலங்களோடு ஒரே வரிசையில் பெயர் குறிக்கப்பட்டன. மலேசியா உருவாவதில் பங்காளிகளாக வந்த தங்களின் தகுதி இதனால் மங்கிற்று என்பது அம்மாநிலத்தாரின் நெடுநாளைய மனக்குறை. அதை மாற்றும் திருத்தம் 2019 ஏப்ரலில் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. உறுப்பினர் 222 பேரில் 138 பேர் அதனை ஆதரித்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் இசைந்தும் திருத்தம் தோற்றது. ஏனெனில் வேண்டியிருந்த எண்ணிக்கை 148. பின்னர் 2021 டிசம்பரில் வேறோர் அரசாங்கம் கொண்டுவந்த திருத்தம் 199 வாக்குகளோடு நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் பேச்சு நடந்தது, மாறுபட்டோர் ஒன்றுபட்டனர். அரசியலமைப்பு பெரும்பான்மையின் கையைக் கட்டிப்போடவில்லை. இன்னும் சிலரிடம் கேட்டுவிட்டு வா என்று அதனைத் திருப்பி அனுப்பியது.

அதிகாரத்தை மேலிருந்து கீழாக அன்றி, இடத்தின்படியும் பகுத்துக்கொள்ளும் முறைக்குக் கூட்டாட்சி என்று பெயர். நடுவண் அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் தத்தமக்குரிய எல்லையை அரசியலமைப்பிலிருந்தே பெறுகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு இரக்கத்தால் ஈந்த பிச்சையன்று அது. மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை இவ்வதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் எனப் பகுத்துரைக்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, நிதி, காவல், கல்வி ஆகியவை கூட்டரசுக்கு உரியவை. நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமிய சமய நிருவாகம் ஆகியவை மாநிலத்துக்கு உரியவை.

இப்பட்டியல்கள் தேர்வுக்கு மனனம் செய்யும் வறட்டுச் செய்திகளாகவே பல மாணவருக்குத் தோன்றும். ஆனால் அவர்கள் அமர்ந்து படிக்கும் கட்டடமே கூட்டாட்சிக்குச் சான்றாக நிற்கிறது. தோட்டத்தில் மக்கள் குறைந்து, தமிழ்ப்பள்ளி ஒன்று நகர்ப்புறத்துக்கு இடம்பெயர வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். கல்வி கூட்டரசின் பொறுப்பு ஆதலால், பள்ளியின் இடமாற்றத்துக்கும் ஆசிரியர் நியமனத்துக்கும் புத்ராஜெயாவை நாட வேண்டும். நிலம் மாநிலத்தின் உரிமை ஆதலால், கட்டடம் எழும்ப வேண்டிய மண்ணுக்கு மாநில அரசை நாட வேண்டும். கட்டட வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். இவற்றுள் ஒன்று தடைப்படினும் பள்ளி எழாது. பெற்றோர் சிலர் இதனை அலைச்சல் என்பர். அலைச்சல் உண்மைதான். அதிகாரம் பிரிந்து கிடப்பதற்கு மக்கள் கொடுக்கும் விலை அது. அதற்கு ஈடாக அவர்கள் பெறுவது, ஒரு கதவு அடைபட்டால் தட்டுவதற்கு இன்னொரு கதவு.

கூட்டாட்சியின் உண்மையான சோதனை, கூட்டரசும் மாநிலமும் முரண்படும் நாளில் வருகிறது. மலேசிய வரலாற்றில் அத்தகைய நாள்கள் இரண்டினை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, 1963 செப்டம்பர். மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை இணைந்து மலேசியா உருவாக வேண்டிய நாள் செப்டம்பர் 16. அதற்கு ஆறு நாள்களே இருந்தபோது கிளந்தான் மாநில அரசாங்கம் நீதிமன்றத்தை நாடியது. ஒவ்வொரு மாநிலத்தின் இசைவும் பெறாமல் இப்புதிய கூட்டரசை அமைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் வாதம். தலைமை நீதிபதி ஜேம்ஸ் தாம்சன் செப்டம்பர் 14ஆம் நாள் தீர்ப்பளித்தார். புதிய மாநிலங்களைச் சேர்க்கவும் அரசியலமைப்பைத் திருத்தவும் நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு. மாநிலங்களின் இசைவு வேண்டும் என்னும் நிபந்தனை அரசியலமைப்பில் எழுதப்படவில்லை என்று கூறிக் கிளந்தானின் வேண்டுகோளை மறுத்தார். அத்தோடு, எழுதப்படாத நிபந்தனை ஒன்றை வேண்டும் அளவுக்கு அடிப்படையையே புரட்டும் செயல் எதையும் நாடாளுமன்றம் செய்துவிடவில்லை என்னும் கருத்தையும் அவர் தெரிவித்தார்.

கிளந்தான் தோற்றது, மலேசியா உதித்தது. ஆயினும் அத்தீர்ப்பு ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது. அடிப்படையையே புரட்டும் செயல் ஒன்று என்றேனும் நிகழுமாயின், எழுதப்படாத நிபந்தனையும் கருதப்படக்கூடுமோ என்னும் வினாவை அஃது அடைத்துவிடவில்லை. ஏட்டில் இல்லாத ஒன்றும் ஆட்சியைக் கட்டுப்படுத்தக்கூடும் என்பதன் சாயல் அதில் இருக்கிறது.

இரண்டாவது, 1966ஆம் ஆண்டு. சரவாக்கின் முதல் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான். அவர்மீது நம்பிக்கையில்லை என்று சட்டமன்ற உறுப்பினர் 21 பேர் ஒப்பமிட்ட கடிதத்தைக் கொண்டு, ஆளுநர் அவரை அவ்வாண்டு ஜூனில் பதவி நீக்கினார். சட்டமன்றத்திலேயே வாக்கெடுப்பு நடக்கட்டும் என்று வேண்டிய நிங்கான் நீதிமன்றம் சென்றார். செப்டம்பர் 7ஆம் நாள் கூச்சிங் உயர் நீதிமன்றம், கடிதத்தைக் கொண்டு நீக்கியது செல்லாது. நம்பிக்கை இழந்தமை சட்டமன்றத்தில் வாக்கெடுப்பால் புலனாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் முதலமைச்சரானார்.

ஒரு வாரத்தில், செப்டம்பர் 14ஆம் நாள், சரவாக்கில் அவசர நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கோலாலம்பூரில் நாடாளுமன்றம் கூடி, சரவாக் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, சட்டமன்றத்தைக் கூட்டும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளித்தது. செப்டம்பர் 23ஆம் நாள் சட்டமன்றம் கூடி நிங்கான்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. மறுநாள் அவர் நீக்கப்பட்டார். இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று அவர் வழக்காடினார். 1968ஆம் ஆண்டில் அங்கும் தோற்றார்.

இந்நிகழ்ச்சியை இருவகையாலும் வாதிடலாம். நிங்கான் ஆதரவை இழந்துவிட்டார் என்பது வாக்கெடுப்பில் தெளிவாயிற்று. பெரும்பான்மை இல்லாதவர் பதவியில் நீடித்தலும், சட்டமன்றத்தைக் கூட்டாது காலங்கடத்தலும் முறையாகா என்பர் ஒரு சாரார். அவசர நிலை அதிகாரம் என்பது நாட்டுக்குப் பேரிடர் நேருங்கால் எடுக்க வேண்டிய படைக்கலம். ஒரு மாநிலத்து முதலமைச்சரை மாற்றுதற்கு அதை எடுக்கலாமா என்பர் மற்றொரு சாரார். இருவர்க்கும் பொதுவான உண்மை ஒன்றே. நடந்தவை அனைத்துக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் சட்டம் இடந்தந்தால் அது போதுமா?

இவ்வினா சரவாக்கோடு முடிந்துவிடவில்லை. 2009ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தில், சட்டமன்ற உறுப்பினர் மூவர் ஆளுங்கூட்டணியை விட்டு விலகியதால் மந்திரி பெசார் மாற நேர்ந்தது. அப்போதும் வாக்கெடுப்பு இன்றியே ஆதரவு இழந்தமை முடிவு செய்யப்பட்டது. 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், சட்டமன்ற வாக்கெடுப்பு ஒன்றே வழியன்று. பிற சான்றுகளாலும் அதனை அறியலாம் என்று தீர்ப்பளித்தது. 1966இல் கூச்சிங்கில் கூறப்பட்டதும் 2010இல் புத்ராஜெயாவில் கூறப்பட்டதும் ஒன்றல்ல. எழுத்தின் பொருள் காலந்தோறும் நீதிபதிகளின் கையில் புதிதாக விளக்கம் பெறுகிறது. ஆகவே, ஏட்டில் எழுதிவிட்டோம், இனி அச்சமில்லை என்று உறங்கிவிடல் ஆகாது.

இங்கேதான் அரசியல் பாடம் அறநூற் பாடமாகிறது. செய்யக்கூடியது, செய்யத்தக்கது என்னும் இரண்டுக்கும் இடையே ஒரு வெளி இருக்கிறது. சட்டம் முதலாவதற்கு எல்லை வகுக்கும். இரண்டாவதனை மனிதரே வகுத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை உடைய அரசாங்கம், அரசியலமைப்பின் பெரும்பகுதியைத் தன் விருப்பப்படி மாற்றிவிட முடியும். அவ்வாறு அது மாற்றாமல் நிற்கும் போதெல்லாம், அதனைத் தடுத்து நிற்பது பூட்டு அன்று, நாணம். கொடுத்த வாக்கை எண்ணிப் பார்க்கும் நாணம். நாளை எதிர்வரிசையில் அமர நேர்ந்தால் எவ்வெல்லை தன்னைக் காக்க வேண்டுமோ, அதனை இன்று தானே இடித்துவிடலாகாது என்னும் முன்னறிவும் அதனோடு சேர்வது. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில், அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கூட்டணி கூட்டரசில் ஆட்சியை இழந்தது. எந்தத் தரப்பும் எதிர்வரிசைக்குச் செல்லக்கூடும் என்பது அன்று அனைவர்க்கும் விளங்கிற்று.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இச்செய்தி ஏட்டோடு நிற்பதன்று. அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாய்மொழியைத் தேசிய மொழியாக நிறுவுகிறது. அதே பிரிவு, அதிகாரமுறைப் பயன்பாடு ஒழிந்த பிறவற்றில், வேறெம்மொழியையும் பயன்படுத்தவோ கற்பிக்கவோ கற்கவோ எவரையும் தடைசெய்தல் ஆகாது என்றும் கூறுகிறது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தபோது, 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. எண்ணிக்கையில் சிறியதொரு சமூகத்தின் மொழி, ஓர் அமைச்சரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நில்லாமல், நீதிமன்றத்தில் எடுத்துரைக்கத்தக்க ஒரு சொற்றொடரையும் துணையாகப் பெற்றிருக்கிறது. கண்ணகிக்குக் கிடையாத வாயில் அது.

ஆனால் அவ்வாயிலில் நுழைவோர்க்கும் ஒரு கடமை உண்டு. ஒரு பிரிவின் பிற்பாதியை மட்டும் உரக்கப் படித்து, முற்பாதியை முணுமுணுத்துச் செல்வது வாக்குறுதியைப் பாதி ஏற்பதாகும். தேசிய மொழியை நன்கு கற்பதும், தாய்மொழியைக் கற்கும் உரிமையைக் காப்பதும் ஒரே உடன்பாட்டின் இரு பக்கங்கள். தனக்கு நன்மை தரும் எல்லையைப் போற்றி, பிறர்க்கு நன்மை தரும் எல்லையைப் பழிப்பவன், எல்லையையே மதிக்காதவன் ஆவான். கிளந்தானின் வழக்கை ஆதரிக்காதவரும், அதற்கு வழக்குத் தொடுக்கும் உரிமை இருந்ததை மதிக்க வேண்டும். நிங்கானை விரும்பாதவரும், அவர் கேட்ட வாக்கெடுப்பு நியாயமானதே என்று ஒப்ப வேண்டும். விரும்பாதவர்க்கும் அளிக்கும்போதுதான் நீதி நீதியாகிறது.

இம்மனநிலை அகவை பதினெட்டில் திடீரெனத் தோன்றுவதில்லை. வகுப்பறையிலேயே அது வித்திடப்படுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் மாணவரைக் கலந்து வகுப்பு விதிகளை வகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலந்தாழ்ந்து வருவோர் வகுப்பின் முன் நின்று காரணம் கூறல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பின்னொரு நாள் மழையில் சிக்கி ஆசிரியரே பத்து நிமிடம் தாழ்ந்து வருகிறார். அவர் நேரே மேசைக்குச் சென்று பாடத்தைத் தொடங்கலாம். அவரைக் கேட்பார் எவரும் இலர். விதியில் “மாணவர்” என்றுதான் எழுதியிருக்கிறது என்று எழுத்தைக் காட்டியும் தப்பலாம். அவ்வாறு செய்யாமல், வாயிலருகே நின்று தம் தாமதத்துக்குக் காரணத்தைக் கூறிவிட்டு அவர் உள்ளே செல்வாராயின், அரசியலமைப்பு பற்றிய பாடத்தில் பாதியை அன்றே நடத்தி முடித்தவர் ஆவார். மற்றப் பாதியை நூலிலிருந்து நடத்திக்கொள்ளலாம்.